குலதெய்வம் காவல் காத்த மெயில்

முதல் தடவை என் மெயில் திறக்காமல் போனபோது என்னையேதான் திட்டிக்கொண்டேன். பவானிபூரில் மெட்ரோ ஸ்டேஷனுக்குப் பின்னால் ஒரு சந்து. அதில் ஜெராக்ஸ் கடையைப் பாதியாகத் தடுத்து, நாலைந்து கம்ப்யூட்டர் போட்டு நடத்திய சைபர் கஃபே அது. கரண்ட் எப்போது போகும் என்று தெரியாததால் அவசர அவசரமாகத் தட்டுவது என் வழக்கம். பாஸ்வேர்டு தப்பு என்றது. மறுபடி அடித்தேன். தப்பு. ஒவ்வொரு எழுத்தாக விரலால் குத்தினேன். அதே சிவப்பு வரி வந்து நின்றது. சனியனே, நேற்று வரை வேலை செய்தாயே என்று தமிழில் வாய்விட்டுச் சொன்னேன். பக்கத்து நாற்காலிக்காரர் தன் திரையைக் கொஞ்சம் அந்தப் பக்கமாகத் திருப்பிக்கொண்டார்.

இரண்டாயிரம் பிறந்து ஓரிரு வருடங்கள்தான் ஆகியிருந்தன. எங்கள் வீட்டில் கம்ப்யூட்டர் கிடையாது. அப்பாவுக்கு கார்டன் ரீச்சில் ரயில்வே ஆபீஸில் உத்தியோகம். நான் கெமிஸ்ட்ரி படித்துவிட்டு ஹவுராவில் பெயிண்ட் தயாரிக்கும் ஒரு சின்ன ஃபேக்டரியில், லேபில் வேலை பார்த்தேன். காலையில் பாபுகாட் படித்துறையில் படகு ஏறிப் போவேன். சாயங்காலம் திரும்பும் வழியில் கஃபேயில் உட்காருவேன். எனக்கென்று இருந்த இடம் உலகத்திலேயே அந்த மெயில் ஒன்றுதான். வீட்டில் எனக்குத் தனி அறை கிடையாது, தனி அலமாரி கிடையாது. எனக்கு வரும் கடிதத்தை அப்பாதான் முதலில் பிரிப்பார். அதைத் தப்பென்று அவரும் நினைத்ததில்லை, அதுவரை நானும் நினைத்ததில்லை.

பாஸ்வேர்டு மறந்துபோனால் நாமே எழுதி வைத்த ஒரு ரகசியக் கேள்வியை அது கேட்கும். பிறந்த தேதியும் பின்கோடும் கொடுத்து அந்தக் கேள்விக்குச் சரியான பதில் சொன்னால் புது பாஸ்வேர்டு போட்டுக்கொள்ளலாம். மெயிலைத் தொடங்கிய நாளில் அந்தக் கேள்விக்காக நான் ரொம்ப யோசித்தேன். பிடித்த நிறம், படித்த ஸ்கூல் எல்லாம் யாருக்கும் தெரிந்துவிடும். கடைசியில் 'எங்கள் குலதெய்வம் எது' என்று போட்டேன். இந்தக் கல்கத்தாவில் எந்த வங்காளிக்குத் தெரியப்போகிறது, திருநெல்வேலிப் பக்கம் ஒரு குளத்தங்கரையில் உட்கார்ந்திருக்கும் எங்கள் சாஸ்தாவின் பெயர்? என் புத்திசாலித்தனத்தை மெச்சிக்கொண்டு அன்றைக்கு ஒரு முட்டை ரோல் வாங்கிச் சாப்பிட்டேன்.

அந்தப் பெயரைக் கொடுத்ததும் மெயில் திறந்துகொண்டது. பெங்களூரில் இருந்த என் சிநேகிதியின் பதில் வந்திருந்தது. ஆனால் அது தடித்த எழுத்தில் இல்லை. படிக்காத மெயில் தடித்த எழுத்தில்தான் இருக்கும், படித்துவிட்டால் மெலிந்துவிடும். நான் இன்னும் தொடக்கூட இல்லை. அதற்குள் மெலிந்து கிடந்தது.

அதில் இருந்தது காதல் கீதல் எல்லாம் இல்லை. இருந்திருந்தால்கூட நான் அவ்வளவு பயந்திருக்க மாட்டேன். இருந்தது அம்மாவைப் பற்றி.

அம்மாவுக்குத் தூக்கம் போய் ரொம்ப நாளாகியிருந்தது. சமைப்பாள், துணி மடிப்பாள், பௌதி என்று நாங்கள் கூப்பிடும் பக்கத்து வீட்டு அம்மாளோடு வங்காளியில் சிரித்துப் பேசுவாள். யாரும் பார்க்கவில்லை என்று நினைக்கும்போது அடுப்பை அணைக்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். ஒரு நாள், "இப்படியே ஆத்துக்குள்ள இறங்கிரலாம் போலிருக்குட்டி" என்று சாதாரணமாகச் சொன்னாள், கறிவேப்பிலை வாங்கணும் என்று சொல்கிற குரலில். அடுத்த சனிக்கிழமையே மனநல டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். மாத்திரை கொடுத்தார். ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள்: "அப்பாவுக்குத் தெரியக் கூடாது. தெரிஞ்சா பைத்தியம்னு ஊருக்கு மூட்டை கட்டி அனுப்பிருவாக." அதனால் சனிக்கிழமைதோறும் காளிகாட் கோயிலுக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் புறப்படுவோம். வரும்போது நிஜமாகவே கோயில் வாசலில் செம்பருத்தி மாலை வாங்கிக்கொள்வோம். அப்பாவுக்கு அம்மாவின் பக்தியில் ரொம்பத் திருப்தி.

இதை எல்லாம் தனியாகச் சுமக்க என்னால் முடியவில்லை. சிநேகிதிக்கு எழுதினேன். எந்த மாத்திரை, எத்தனை மணிக்கு, இன்று அம்மா சிரித்தாளா, அழுதாளா, எல்லாம். அதைத்தான் யாரோ உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தார்கள்.

யார்? எனக்குத் தெரிந்த ஒரே பதில், கஃபே நடத்துபவர், வங்காளி வழக்கப்படி நாங்கள் தாதா, அதாவது அண்ணன், என்று கூப்பிடுகிறவர். ராவோடு ராவாக யோசித்துவிட்டு மறுநாள் நேரே போய் அவர் மேஜை முன்னால் நின்றேன். என் வங்காளிப் பேச்சு கோபத்தில் இன்னும் வேகமாக வரும். "என் மெயிலைப் படிக்கிறீர்களா? உங்களுக்கு அக்கா தங்கை கிடையாதா?" என்று பிடித்துக்கொண்டேன். மனிதர் வாயில் வைத்த பிஸ்கட்டைக் கடிக்காமலே பார்த்தார். "தீதி, உங்கள் எழுத்தை நான் படித்து என்ன செய்வேன், சமோசா மடிக்கவா?" என்றார். கடை முழுக்கச் சிரித்தது. மூக்கு அறுந்ததுபோல வெளியே வந்தேன். அவர்மேல் இருந்த சந்தேகம் மட்டும் போகவில்லை.

கஃபேயை மாற்றினேன். ஹவுராவில் படகுத்துறைக்குப் பக்கத்தில் இன்னொன்று. பாஸ்வேர்டை நீளமாக, கன்னாபின்னாவென்று, நானே எழுதி வைத்துப் பார்த்து அடிக்கிற மாதிரி மாற்றினேன். நாலு நாள் நிம்மதி. ஐந்தாம் நாள் மறுபடியும் சிவப்பு வரி. மறுபடியும் குலதெய்வத்தைக் கூப்பிட்டுத் திறந்தேன். மறுபடியும் சிநேகிதியின் மெயில் மெலிந்து கிடந்தது. இந்தத் தடவை திருடன் பழைய மெயில்களுக்கும் போயிருந்தான் என்று எனக்குத் தோன்றியது. அதை எப்படிக் கண்டுபிடிப்பது என்று தெரியவில்லை. தெரியாததுதான் கொடுமை. வீட்டுக்குத் திருடன் வந்தால் எது போயிற்று என்று பார்த்துச் சொல்லலாம். இங்கே எல்லாம் அப்படி அப்படியே இருந்தது.

அம்மாவைப் பற்றிய மெயில்களை எல்லாம் ஒவ்வொன்றாக அழித்தேன். படித்தவன் மண்டைக்குள் இருப்பதை எப்படி அழிப்பது? வீட்டில் டெலிபோன் அடிக்கும்போதெல்லாம் ஓடிப் போய் நானே எடுத்தேன். யாரோ ஒருவன் அப்பாவைக் கூப்பிட்டு, உங்கள் வீட்டு அம்மாள் சனிக்கிழமை எங்கே போகிறாள் தெரியுமா என்று கேட்கப்போகிறான் என்று காத்திருந்தேன். படகில் என்னைப் பார்த்து யாராவது லேசாகச் சிரித்தால்கூட, இவனாக இருக்குமோ என்று தோன்றும். லேபில் ஒரு டப்பாவுக்குப் பதில் இன்னொரு டப்பாவைக் கவிழ்த்து மேனேஜரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

அம்மா ஒரு நாள் கேட்டாள். "என்னட்டி, பேயடிச்ச மாதிரி இருக்க?"

"ஒண்ணுமில்லம்மா. ஆபீஸ்ல வேலை."

அவளிடம் எப்படிச் சொல்வது? மாத்திரை அப்போதுதான் கொஞ்சம் கேட்க ஆரம்பித்திருந்தது. இரண்டு நாள் நன்றாகத் தூங்கியிருந்தாள். உன் விஷயம் எவனுக்கோ தெரிந்துவிட்டது என்று சொன்னால் அன்றே மாத்திரையைத் தூக்கி எறிந்துவிடுவாள். பிறகு ஆறு இருக்கிறது, நடந்து போகும் தூரத்தில்.

அந்தச் சமயத்தில்தான் என் கல்யாணப் பேச்சு சூடு பிடித்திருந்தது. ஊரில் என்றால் தெரிந்தவர் தெரிந்தவரிடம் சொல்லி ஜாதகம் கைமாறும். கல்கத்தாவில் எங்கள் ஆட்கள் ஆளுக்கொரு மூலையில் கிடந்ததால் அப்பா நவீனமாகிவிட்டார். என் மெயில் ஐடியை என்னிடம் கேட்டு வாங்கிக்கொண்டு, ஆபீஸில் ஒருவரைப் பிடித்து என் ஜாதகத்தை இங்கிலீஷில் டைப் செய்ய வைத்து, கரக்பூர், ஜாம்ஷெட்பூர், பிலாய் என்று தமிழ்க் குடும்பம் இருக்கிற இடத்துக்கெல்லாம் மெயிலில் அனுப்பச் சொன்னார். வாங்கியவர்கள் தங்களுக்குத் தெரிந்தவர்களுக்கு அனுப்பினார்கள். அது எங்கெங்கே போயிற்று என்று அப்பாவுக்கே தெரியாது. ரொம்பப் பெருமையாக, "பட்டனைத் தட்டினா ஒரே நேரத்துல அம்பது வீட்டுக்குப் போகுது" என்றார். என்னிடம் அவர் அதைக் காட்டவில்லை. என் ஜாதகத்தை நான் பார்த்து என்ன ஆகப்போகிறது?

ஜாம்ஷெட்பூரில் இருந்து ஒரு குடும்பம் ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வந்தது. மாப்பிள்ளையும் அவர் அம்மாவும் மட்டும்தான். அவருடைய அப்பாவுக்கு லீவு கிடைக்கவில்லையாம். மாப்பிள்ளைக்கு பெங்களூரில் சாஃப்ட்வேர் வேலை. நல்ல நிறம், இஸ்திரி கலையாத சட்டை, மரியாதையான பேச்சு. உண்மையைச் சொல்கிறேன், எனக்குப் பிடித்துத்தான் இருந்தது. அந்த ஒரு மணி நேரம் மெயில் திருடனை மறந்துகூடப் போனேன்.

அம்மா கேசரியும், மூலைக்கடை சந்தேஷ் இனிப்பும் தட்டில் வைத்துக் கொண்டுவந்தாள். பட்டுப்புடவையில் ஆளே மாறியிருந்தாள். மாப்பிள்ளையின் அம்மா அவள் கையைப் பிடித்து பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். நல்ல மனுஷி, இன்றைக்கும் அவர்மேல் எனக்குக் கோபம் கிடையாது. அம்மாவின் காதருகே குனிந்துதான் சொன்னார். சின்ன வீடு, எல்லோருக்கும் கேட்டது.

"மாத்திரைய மட்டும் நடுவுல நிப்பாட்டிராதீங்க மதினி. எங்க அக்காவும் இதேதான் சாப்பிட்டா. ரெண்டே வருஷத்துல நல்லாயிட்டா."

அம்மா கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது. யாரும் அதை எடுக்கவில்லை.

"என்ன மாத்திரை?" என்றார் அப்பா.

"தலைவலிக்கு" என்றாள் அம்மா. சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். என் ஆயுசில் யாரும் என்னை அப்படிப் பார்த்ததில்லை. அடியே, உன்னை நம்பினேனே என்கிற பார்வை. விஷயம் தெரிந்தவர்கள் டாக்டர், அம்மா, நான், என் சிநேகிதி. சிநேகிதிக்கு இவர்களைத் தெரியாது. அவள் செத்தாலும் சொல்ல மாட்டாள்.

பிறகு யார் மிச்சம்?

"அத்தை, அம்மா மாத்திரை சாப்பிடுறத உங்களுக்கு யார் சொன்னா?"

"தம்பிதாம்மா சொன்னான்" என்றார் அவர், மகனைக் காட்டி, ரொம்பச் சாதாரணமாக. "நீ அம்மாவ எப்படிப் பாத்துக்கிடுதன்னு எல்லாம் சொன்னான். எனக்குக் கண்ணுல தண்ணி வந்திட்டு."

மாப்பிள்ளை சிரித்தார். மாட்டிக்கொண்டவன் சிரிப்பு இல்லை. பரீட்சையில் நல்ல மார்க் வாங்கியவன் சிரிப்பு.

"இதுல ஒண்ணுமில்லைங்க. இப்பல்லாம் எல்லாரும் செக் பண்றதுதான். ரெண்டு வீட்டுக்கும் நல்லதுதானே. உங்கப்பா அனுப்பின பயோடேட்டாவிலேயே எல்லாம் இருந்துச்சு. பிறந்த தேதி, அட்ரஸ், பின்கோடு, மெயில் ஐடி. குலதெய்வம் பேரு உச்சியிலேயே 'துணை'ன்னு போட்டு இருந்துச்சு. அந்தக் கேள்வியைப் பாத்ததும் நான் சிரிச்சுட்டேன். ரொம்ப வீக் செக்யூரிட்டிங்க. கல்யாணத்துக்கு அப்புறம் நானே நல்லதா ஒண்ணு செட் பண்ணித் தர்றேன்."

அடப் பாவி. நானும் ஒரு முட்டாள். பூட்டை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டே இருந்தேன், சாவியை அப்பா அம்பது வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார். வங்காளிக்குத் தெரியாது, வங்காளிக்குத் தெரியாது என்று இருந்துவிட்டேன். திறந்தவன் நம்ம ஆள்.

"உங்களைப் பத்தித் தப்பா ஒண்ணுமே இல்லை. நான் முழுத் திருப்தியாத்தான் வந்திருக்கேன்" என்று சேர்த்துக்கொண்டார்.

"ரொம்ப சந்தோஷம்" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "நானும் திருப்திப்பட்டுக்கிடுதேன். சந்துல கஃபே திறந்துதான் இருக்கும். வாங்க, உங்க மெயிலைத் திறந்து காட்டுங்க, நான் உக்காந்து படிக்கேன்."

அவர் முகத்திலிருந்து முதல் தடவையாகச் சிரிப்பு போனது. "அது எப்படிங்க? ஃப்ரெண்ட்ஸ் எழுதினது, ஆபீஸ் விஷயம் எல்லாம் அதுல இருக்கும். அது பெர்சனல்."

நான் சிரித்தேன். பெண் பார்க்க வந்த இடத்தில் பெண் சிரிக்கக் கூடாத மாதிரி, சத்தமாகச் சிரித்தேன். சிரிப்பு நிற்காமல் அழுகையாகப் போய்விடும் என்று தெரிந்ததும் எழுந்து நின்றேன். "நீங்க கிளம்புங்க" என்றேன்.

"ஏட்டி, உள்ள போ" என்றார் அப்பா.

நான் போகவில்லை.

மாப்பிள்ளையின் அம்மா என்னையும் தன் மகனையும் மாறி மாறிப் பார்த்தார். "நாங்க ஒண்ணும் தப்பா நினைக்கலியேம்மா, நல்லதாத்தானே நினைச்சோம்" என்றார் பாவமாக. அவருக்கு அது புரியவே இல்லை. பூட்டின பெட்டியைத் திறந்தவன் உள்ளே இருப்பதைப் பாராட்டிவிட்டால் அது திருட்டு இல்லை என்று நினைக்கிறார். அந்த அறையில் இருந்த பெரியவர்கள் யாருக்குமே அது புரிந்ததாகத் தெரியவில்லை. அவர்கள் போன பிறகு அப்பா சொன்ன முதல் வார்த்தையே, "அந்தப் பையன் அப்படி என்ன பெரிய தப்பு பண்ணிட்டான், கூரையேறிக் குதிக்க?" என்பதுதான்.

அம்மா சமையலறையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் நின்றேன்.

"நான் யார்ட்டயும் சொல்லலம்மா. அவன் திருட்டுத்தனமாப் படிச்சிருக்கான்."

"எழுதுனது நீதானே" என்றாள். திரும்பிப் பார்க்கவில்லை.

ராத்திரி, அம்மா மாத்திரை எடுத்துக்கொண்டாளா என்று பார்க்கப் போனேன். அரிசி டப்பாவுக்குப் பின்னால் மறைத்து வைத்திருந்த அட்டையில் எதுவும் குறையவில்லை. எடுத்துக் கொடுத்தேன். வாங்கி மேடையில் வைத்துவிட்டாள். வாசல் கதவுக்கு நேராகப் பாயைப் போட்டுப் படுத்துக்கொண்டேன், அவள் வெளியே போக வேண்டுமென்றால் என்னைத் தாண்டித்தான் போக வேண்டும் என்று.

விடிந்தது. அப்பா குளித்து, விபூதி பூசி, சாப்பிட்டு, ஆபீஸுக்குக் கிளம்பினார். மழைக்காலம், குடையைக் கையில் எடுத்துக்கொண்டார். செருப்பு போட்டவர் அப்படியே நின்றார். என்னைக் கூப்பிட்டார்.

"அவன் என்னத்தப் படிச்சானோ, அது எல்லாத்தையும் சாயங்காலம் வரும்போது பிரிண்ட் எடுத்துட்டு வா. நானும் பாக்கணும்."

நான் அழித்தாகிவிட்டது என்று சொல்லியிருக்கலாம். அது உண்மையும்கூட. சொன்னால் அவர் விட்டிருப்பார். ஆனால் ஆளாளுக்கு வந்து திறந்து பார்க்க நான் என்ன தர்ம சத்திரமா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"மாட்டேன்" என்றேன்.

"என்னது?"

"மாட்டேன்பா. அது என் மெயிலு."

அப்பாவிடம் நான் அந்த வார்த்தையை அதற்கு முன் சொன்னதில்லை. அவர் குடையை இறுக்கிப் பிடித்தது தெரிந்தது. அடி விழும் என்றுதான் நினைத்தேன்.

"எவனோ படிக்கலாம், பெத்த தகப்பன் படிக்கக் கூடாதோ?" என்று கத்தினார். மாடியில் யாரோ ஜன்னலைத் திறக்கும் சத்தம் கேட்டது. "என் வீட்டுல என்ன நடக்குன்னு ஜாம்ஷெட்பூர்க்காரனுக்குத் தெரியுது. எனக்குத் தெரியலை. எங்கிட்ட மறைக்க அப்படி என்ன இருக்கு அதுல?"

"அவளக் கேக்காதீங்க."

அம்மா சமையலறை வாசலில் நின்றாள். தலை வாரவில்லை. முந்தைய நாளின் பட்டுப்புடவையையே மாற்றவில்லை. ராத்திரி முழுக்க அதிலேயே உட்கார்ந்திருக்கிறாள்.

"அதுல இருக்கது நான்தான். அந்தப் பெட்டியத் திறந்து பாக்கது எதுக்கு? நான் இங்கேதானே நிக்கேன். என்னக் கேளுங்க."

ஆபீஸில் இத்தனை பேரை மேய்க்கிற மனிதருக்கு அம்மாவிடம் ஒரு கேள்வி கேட்கத் தெரியவில்லை. கடைசியில், சின்னப் பிள்ளை மாதிரி, "என்னன்னு கேக்கது?" என்றார்.

"ராத்திரி தூங்குனியான்னு கேளுங்க. இத்தனை வருஷத்துல ஒரு நாள் கேட்டதுண்டா?"

தெருவில் பஸ் கண்டக்டர் கத்துவது கேட்டது. அது அப்பா வழக்கமாகப் போகிற பஸ். அப்பா குடையைச் சுவரில் சாய்த்து வைத்தார். செருப்பைக் கழற்றினார்.

"தூங்குனியா?"

"இல்ல" என்றாள் அம்மா.